வெள்ளிக்கிழமை, ஐந்து மணி, குறுக்குத்துறை

2025 ஆகஸ்ட் 28, வியாழன் – திருநெல்வேலி டவுன்

காலையில் ஜங்ஷனில் இறங்கியதும் காற்று முகத்தில் வந்து அடித்தது. ஆவணி பிறந்து 12 நாளாகியும் ஆடிக்காற்று ஓயவில்லை. பிளாட்பாரத்தில் நடந்த பெண்கள் எல்லாரும் ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் சேலைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி மகளின் பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். அதற்காக வந்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் அழைப்பிதழ் வந்த அன்றே, கல்யாணம் முடிந்த பிறகும் மூன்று நாள் தங்குவது என்று நான் தீர்மானித்ததற்குக் காரணம் வேறு. 1992 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறைக்கு வருவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போகவில்லை. இப்போது எனக்கு 54 வயது. அந்தப் படித்துறைக்கு இன்றுவரை நான் போனதில்லை.

ஆட்டோக்காரர் 200 ரூபாய் கேட்டு 150க்கு இறங்கி வந்தார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் பெட்டியோடு ஏற முடியவில்லை. ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டி ஆர்ச் வழியாக டவுனுக்குள் நுழைந்தபோது, கடைப் பலகைகள் எல்லாம் மாறியிருந்தும், தெருக்கள் திரும்பும் இடங்கள் மாறவில்லை என்பதை என் உடம்பே கண்டுகொண்டது. வாகையடி முக்கு வருவதற்கு முன்பே நான் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தங்கையின் வீட்டில் இன்னும் தார்சா என்கிற முன்தாழ்வாரமும் பட்டாசல் என்கிற கூடமும் பழைய மாதிரியே இருக்கின்றன. கல்யாண வீடென்பதால் புறவாசல் வரைக்கும் ஆட்கள். கருப்பட்டிக் காபி கொடுத்தார்கள். சென்னையில் 'கருப்பட்டிக் காபி' என்று எழுதிப் போட்டு விற்பதற்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் கிடையாது.

சாயங்காலம் அல்வா வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். இருட்டுக்கடையில் அதற்குள் வரிசை நீண்டிருந்தது. முன்னால் நின்ற பெரியவர் என் கையில் பையில்லாததைப் பார்த்து, தம்முடைய இரண்டு மஞ்சள் பைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றதற்கு, "நெய் ஒழுகும்லா, சேலையில பட்டா போவாது" என்று கையில் திணித்துவிட்டார். அல்வாவோடு ரத வீதியைச் சுற்றி நடந்து, அந்த மாடிப்படிக்கு முன்னால் போய் நின்றேன்.

அங்கேதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. 1990இல் தமிழ்த் தட்டச்சின் முதல் நிலையான லோயருக்குச் சேர்ந்தேன். ஆறரை மணி பேட்ச் அவர். ஏழரை மணி பேட்ச் நான். இருவருக்கும் ஒரே மெஷின், ஜன்னலோரத்து ரெமிங்டன். உருளை தேயாமலிருக்க, அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளை வைப்பது வழக்கம். மழைக்காலத்தில் ஒருநாள் நான் உட்கார்ந்தபோது அந்தப் பின்தாள் புதிதாக இருந்தது. அதில் மை படாமல், அழுந்திய பள்ளங்களாக ஒரு வரி தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். "நேற்று விட்டுப்போன உங்கள் குடை மூலையில் இருக்கிறது." அதுதான் தொடக்கம். பிறகு இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று நாளாவது ஒரு வரி இருக்கும். படித்த புத்தகம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, அவர் அம்மாவுக்குக் காய்ச்சல், நான் உடுத்தியிருந்த தாவணியின் நிறம். தாளை மடித்து எடுத்துக்கொள்வேன். மறுநாள் காலை, ஏறும் நானும் இறங்கும் அவரும் அந்தக் குறுகிய படியில் எதிர்ப்படும்போது, ஒருவர் சுவரோடு ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும் என்ற அந்த இடத்தில், ஒரு சொல்லோ ஒரு தலையசைப்போ என் பதிலாக இருக்கும். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவருடைய விரலைக்கூட நான் தொட்டதில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை.

இப்போது மாடியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். படி மட்டும் அதே படி. நடுவில் தேய்ந்த குழி இன்னும் ஆழமாகியிருக்கிறது. கீழே பாத்திரக்கடையில் இருந்த அண்ணாச்சி, "யாரத் தேடுதிய?" என்று கேட்டார். சொன்னேன். "மாஸ்டர் போய்ச் சேந்து வருசம் பத்தாச்சு. மெஷினெல்லாம் எடைக்குப் போட்டுட்டாவ" என்றவர், என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த மெஷின் எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று இரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி – டவுன்

கல்யாணம் நன்றாக நடந்தது. என் கணவர் இறந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அதிலிருந்து கல்யாண வீடுகளில் மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நானாகவே போய்விடுவது பழக்கமாகிவிட்டது. இன்று அப்படி உட்கார்ந்திருந்தபோது, எனக்கு எந்த உறவென்றே தெரியாத, காதில் பாம்படம் போட்டு வளர்த்த துளைகள் தொங்கும் ஓர் ஆச்சி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "பிள்ளைக்குப் பெரியம்மா இங்க இருந்து என்னத்தப் பாக்க?" என்று முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் விரல்களில் சந்தன வாசனை. தாலி கட்டும்போது நான் அழுததைப் பார்த்து, கணவரை நினைத்து அழுகிறேன் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். அவரையும் நினைத்துத்தான் அழுதேன். பிலாய் எஃகு ஆலையில் 28 ஆண்டு உழைத்த நல்ல மனிதர் அவர். நான் மௌனமாக இருந்த நாட்களில் ஏனென்று கேட்காமல் தாமே தேநீர் போட்டுக் கொடுத்தவர். அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போனது இன்று எனக்குக் குற்றமாகப் படுகிறது.

மாலையில் நெல்லையப்பர் கோயில். சுவாமி சந்நிதியிலிருந்து காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போகும் சங்கிலி மண்டபத்தில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். இரண்டு தனிக் கோயில்களாக இருந்ததை இணைப்பதற்காக 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய மண்டபம் இது. 1991 ஐப்பசியில், அம்மன் திருக்கல்யாணத்தன்று, இந்தத் தூண்களுக்கு நடுவே நான் அம்மாவோடு முன்னால் நடக்க, அவர் பத்தடி பின்னால் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல் தரையில் செருப்பில்லாத கால்களின் ஓசையிலிருந்து அவருடைய நடையை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டே போனேன். இன்று கூட்டம் குறைவு. பூ முழம் 40 ரூபாய் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 30, சனி – டவுன்

மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி இல்லாவிட்டால் அதைச் சம்பந்தமென்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அதிகாலையிலேயே தேங்காய் துருவும் சத்தம் கேட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். சமையலுக்கு வந்திருந்தவர் மூன்று பாலையும் தனித்தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்தார். மூன்றாம் பாலில் காய்கள் வேக வேண்டும், இரண்டாம் பால் இடையில், முதற்பால் கடைசியில். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், கீறிய பச்சைமிளகாய், இறக்கியபின் எலுமிச்சம்பழச் சாறு. தேங்காய்ப்பால் வயிற்றில் கனத்துக் கிடக்கும் என்பதற்காகக் கூடவே இஞ்சிப் பச்சடி. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ். வெஞ்சனம் இவ்வளவு போதும், இதற்கு மேல் வைப்பது சொதியை அவமதிப்பது என்று அவர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

1993 தை மாதத்தில் இதே டவுனில் எனக்குச் சொதி வைத்தார்கள். அந்த இலையின் முன் உட்கார்ந்து நான் ஒரு கவளம்கூட விழுங்கவில்லை. புதுப்பெண்ணுக்குக் கூச்சம் என்றார்கள். அதன்பிறகு 32 ஆண்டுகளாக எந்த வீட்டில் சொதி வைத்தாலும் ஏதாவது காரணம் சொல்லி ரசத்துக்குப் போய்விடுவேன். இன்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான உணவை ஒரு துக்கத்துக்காக இத்தனை காலம் தள்ளி வைத்திருந்திருக்கிறேன். பிற்பகலில் மேற்கே குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த சாரல் பத்து நிமிடம் தூறிவிட்டு நின்றது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு – கிருஷ்ணாபுரம்

குறுக்குத்துறைக்குப் போவதாகத்தான் எழுந்தேன், தைரியம் வரவில்லை. திருச்செந்தூர் சாலையில் போகும் பேருந்தில் ஏறிக் கிருஷ்ணாபுரத்தில் இறங்கினேன். அங்குள்ள வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு பின்தாளில் எழுதியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். மாலையில்தான் திறப்பார்கள். திரும்பி நடந்தபோது செருப்பு வார் அறுந்தது. வெயிலில் தார்ச்சாலை கொதித்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண், நான் ஒற்றைச் செருப்போடு நிற்பதைப் பார்த்து, "உள்ள வாங்க மதினி, கால் வெந்துரும்" என்று கூப்பிட்டார். முன்பின் தெரியாதவரை ஒரே சொல்லில் அண்ணன் மனைவியாக்கிக்கொள்ளும் இந்த ஊர் வழக்கம் வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை. மோர் கொடுத்தார், பாய் விரித்தார். மூன்று மணி நேரம் அங்கே இருந்தேன். இலையை வெட்டுவதும் தூளை வைத்து உருட்டுவதும் நூலைச் சுற்றுவதுமாக அவர் கைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன; பார்வை முழுக்க என்மேல். "ஒத்தையிலயா வந்திய?" என்றார். ஆமாம் என்றேன். எதற்கு என்றார். எவரிடமும் சொல்லாததை, இனி ஒருபோதும் பார்க்கப்போகாத அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கை ஒரு நொடி நின்றது. "அவிய என்ன சாதி?" என்று கேட்டார். சொன்னேன். "பொறவு எப்படி நடக்கும்?" என்று விட்டுவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கினார். அதில் கடுமை இல்லை, கண்கள் கலங்கியிருந்தன. கிளம்பும்போது அறுந்த வாரைப் பீடி நூலை நாலாக முறுக்கித் தைத்துக் கொடுத்தார். பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

கோயில் நாயக்கர் காலத்தது, 16ஆம் நூற்றாண்டு. ரதியையும் மன்மதனையும் எல்லாரும் பார்க்கிறார்கள். என்னை நிறுத்தியது இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன். இன்னொரு தூணில் ஒரு குறத்தி, இளவரசனைத் தோளில் சுமந்து நிற்கிறாள். குறவனின் விலா எலும்புகள் மூச்சில் புடைத்துத் தெரிகின்றன. யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நானூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் செதுக்கி, கோயிலில் வைத்துக் கும்பிட்ட ஊரில்தான், டவுனிலிருந்து ஆற்றுக்கு நடக்கும் தூரத்தை நான் கடக்க முடியாமல் போனது. இதைப் போய்ப் பார் என்று அவர் எழுதியது எதற்காக என்பது இன்றுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான், "சிற்பம் பார்க்க அம்மா விடமாட்டாங்க" என்று படியில் பதில் சொன்னேன்.

செப்டம்பர் 1, திங்கள் – குறுக்குத்துறை

மதியம் மூன்றரைக்கு ஆட்டோ பிடித்தேன். போக 120 ரூபாய், காத்திருந்து திரும்பக் கொண்டுவிட 250.

அந்த வாரத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். புதன்கிழமை பின்தாளில், "வெள்ளி, ஐந்து மணி, குறுக்குத்துறை. முடிவாகப் பேச வேண்டும்" என்று இருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வியாழன் காலை படியில் நான் சொன்ன ஒரே சொல், "வாரேன்." எங்கள் ஊரில் வரப்போகிறவரும் வாரேன் என்பார், விடைபெறுகிறவரும் வாரேன் என்பார். அவரிடம் நான் பேசிய கடைசிச் சொல் அதுதான். மழை கொட்டியது. அணைகளில் தண்ணீரைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை தாமிரபரணி கரை மீறியது. அப்பா எவரையும் வாசலைத் தாண்ட விடவில்லை. மச்சு ஜன்னலில் நின்றுகொண்டு, கடிகாரம் ஐந்து அடித்ததையும் ஆறு அடித்ததையும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். இன்ஸ்டிடியூட்டுக்குப் போவது அதோடு நின்றது. அதன் பிறகும் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். யார் கையிலாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் செய்யவில்லை. வெள்ளத்தின் மேல் அந்தப் பழியைப் போட எனக்கு மனமில்லை.

அன்றிலிருந்து என் மனத்தில் ஒரே காட்சி. கோயிலின் கடைசிப் படியில், குடையில்லாமல், மழையில் நனைந்து அவர் நிற்கிறார். இருட்டும்வரை மேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிலாயில், பிறகு குரோம்பேட்டையில், குழந்தைக்குச் சோறூட்டும்போதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவருக்காகக் காத்திருந்தபோதும், அந்த உருவம் அந்தப் படியை விட்டு நகர்ந்ததே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் இந்தக் கோயில் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன். அப்போதுகூட என் காட்சியில் படி நீருக்கு மேலேதான் இருந்தது.

இன்று ஆறு அமைதியாக இருந்தது. கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் நிற்கிறது. வெள்ளம் மோதிப் பிளந்து இரு பக்கமும் போகட்டும் என்று, தண்ணீர் வரும் திசையைப் பார்த்த சுவரைப் படகின் முனைபோலக் கட்டியிருக்கிறார்கள். திருச்செந்தூர் முருகனின் திருவுருவத்துக்கு இங்கிருந்துதான் கல் எடுத்தார்கள் என்பது ஐதீகம். கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. சிறு மீன்கள் வந்து கொத்தின.

குளித்துவிட்டு வேட்டியைக் காற்றில் பிடித்து உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பாத்தும்மா, பாசி வழுக்கும்" என்றார். பேச்சுக் கொடுத்தேன். 1992 வெள்ளத்தன்று மாலை இந்தப் படியில் யாராவது நின்றிருக்க முடியுமா என்று கேட்டேன்.

"படியா? கோயிலே தண்ணிக்குள்ள கெடந்துச்சு. இந்தா, இந்தப் பாத முழுக்க ஆறுதான். பாக்க வந்தவன்லாம் மேலக்கோயிலோட சரி. அதுக்கு இங்கிட்டு யாரையும் எறங்க விடல. வெள்ளம் வந்தா உற்சவரையே அங்கதான கொண்டுபோயி வைப்பாவ" என்றவர், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "நான் அன்னைக்கு வரவே இல்ல. அப்ப எங்களுக்குச் சிந்துபூந்துறை. தெருவுல இடுப்பளவு தண்ணி. சாமானத் தலையில தூக்கிக்கிட்டு அலையுததுக்கே நேரம் சரியா இருந்துச்சு, கோயிலக் கண்டமா, கொளத்தக் கண்டமா" என்றார்.

எனக்குப் பின்தாளில் எழுதியவரின் வீடும் சிந்துபூந்துறைதான். பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கலாம். ஒரே தெருவாகக்கூட இருக்கலாம். அவருக்கு இப்போது 56 வயதாகும். மனைவி, மக்கள், பேரன் பேத்தி இருப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் ஆற்றங்கரையில் வந்து விசாரித்துவிட்டுப் போனாள் என்ற பேச்சு அந்த வீட்டுக்குள் போகும். கேட்காமல் எழுந்துவிட்டேன்.

ஏறி வரும்போது கால்கள் நடுங்கின. 32 ஆண்டுகளாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் படி, அன்று மாலை தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கிறது. அங்கே எவரும் நின்றிருக்கவில்லை. அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு அவர் இடுப்பளவு வெள்ளத்தில் நடந்திருக்கலாம். அன்று நான் வந்து காத்திருந்தேன் என்று நினைத்து, இத்தனை காலம் அவரும் என்னைப்போல வருந்திக்கொண்டிருக்கலாம். அல்லது எப்படியோ வந்து மேலக்கோயில் வரைக்கும் நெருங்கி நின்றிருக்கலாம். எதையும் இனி நான் உறுதியாக நினைத்துக்கொள்ள முடியாது. அந்தக் காட்சி துன்பந்தான் தந்தது. ஆனாலும் அவருடைய உருவம் எனக்கு மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டதே என்று நடுப்பாதையில் நின்று அழுதேன்.

மேலக்கோயில் திறந்திருந்தது. தீபாராதனை முடித்து விபூதி கொடுத்த அர்ச்சகர் இளைஞர். வெள்ளக் காலத்தில் கூட்டம் எங்கே நிற்கும் என்று கேட்டதற்கு, வாசலுக்கு இடப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே போய் நின்று பார்த்தேன். காற்று வலுத்து, வாங்கிய பூவில் பாதியை உதிர்த்துக்கொண்டு போயிற்று. மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. ஆட்டோக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். வண்டி எடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "மெதுவா வாங்கம்மா, வெயிட்டிங்குக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மணி வரை அங்கேயே இருந்தேன்.